பிந்தி வந்தவருக்கே இடம்

கோத்தன்பர்க்,
20 பிப்ரவரி 1987

அன்புத் தம்பி தைஸ்தோவுக்கு,

அக்கா ஹில்க்கா எழுதுகிறேன். இருமல் ஒன்று விட்டபாடில்லை, மற்றபடி எனக்குக் குறை எதுவும் இல்லை. உன் முட்டி எப்படி இருக்கிறது? போன தடவை கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. எழுதாவிட்டால் வலிக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

ரௌனோவுக்கு மார்ச் நடுவிலிருந்து மூன்று வாரம் லீவு கிடைத்துவிட்டது. டிராம் டிப்போவில் மேலாளரைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருக்கிறான். இந்த வருஷம் மாமாவோடு அங்கே தேசியப் பூங்காவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பனியில் சறுக்கியே கடப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இருபத்து நாலு வயசுக் கழுதை, சறுக்குக்கட்டையைக் கட்டிலில் போட்டு மெழுகு தேய்க்கிறான். போர்வையைத் துவைத்து எனக்குக் கை விட்டுப்போனது.

இங்கே டிப்போவில் அவனை "ஃபின்லாந்துக்காரன்" என்கிறார்கள். அங்கே உங்கள் ஊர்க் கடை வாசலில் "ஸ்வீடன்காரன் வந்துட்டான்" என்று சிரிக்கிறீர்கள். பாவம், அவன் எங்கேதான் போவான்? அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை. உன்னைத்தான் ஆம்பளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பார்த்துக்கொள். முழுசாகத் திருப்பி அனுப்பு.

உடம்பைக் கவனி. காபியைக் குறை.

அக்கா
ஹில்க்கா

~

கெலோயோகி,
2 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தைஸ்தோ. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். முட்டி மட்டும் வானிலை அறிக்கை வாசிக்கிறது. உன் இருமலுக்குப் பைன் மரத் தார் மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன், மருமகன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அனுப்பு அவனை. பனி இந்த வருஷம் நெஞ்சளவு. பகலில் வெயில் கண்ணைக் கூசுகிறது, பனிமான்கள் வேலிக்கு வெளியே நின்று ஊரை வேடிக்கை பார்க்கின்றன. நானும் அவனும் பதினாலு நாள் உள்ளே இருப்போம். ஊர்க்காரன் கேலி செய்கிறான் என்று நீ மூக்கால் அழாதே. கேலி செய்யாவிட்டால்தான் அன்னியன் என்று அர்த்தம்.

போன வருஷம் என்ன செய்தான் சொன்னானா? பூங்காவில் தங்கின குடிலைவிட்டுக் கிளம்பும்போது அடுத்து வருகிறவனுக்கு அடுப்பு மூட்டச் சிராய் சீவி வைக்காமல் வந்துவிட்டான். இரண்டு கிலோமீட்டர் வந்த பிறகு ஒப்புக்கொண்டான். "போடா, போய் சீவி வெச்சிட்டு வா"ன்னு திருப்பி அனுப்பினேன். முணுமுணுக்காமல் போனான். அதனால்தான் அவனை எனக்குப் பிடிக்கும். அங்கே எந்தக் குடிலுக்கும் பூட்டு இல்லை. பூட்டு இல்லாத இடத்தில் மனுஷன் ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

வறுத்த காபிக்கொட்டை இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்பு. குறைக்கச் சொன்னதை நான் படிக்கவில்லை.

தம்பி
தைஸ்தோ

~

கெலோயோகி,
6 ஏப்ரல் 1987

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. போனில் என்னால் பேச முடியவில்லை. ரௌனோவின் அடக்கத்துக்கு வர முடியாததற்கு மன்னித்துக்கொள். முட்டி பானை மாதிரி வீங்கிவிட்டது, ரயில் படி ஏற முடியாது.

நடந்ததை எழுது என்றாய். எழுதுகிறேன். பூங்காவின் நடுவில் சாலை குறுக்கிடும் இடத்தில் என் முட்டி மக்கர் செய்தது. நான் அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ரௌனோ "நான் தனியாப் போயிடுவேன் மாமா" என்றான். விட்டேன். பெரிய பிள்ளைதானே.

கர்ஹுலம்பி குடிலில் இரண்டு நாள் தங்கியிருக்கிறான். சனிக்கிழமை, மார்ச் 28, பிற்பகல் மூன்று மணிக்குத் தெற்கிலிருந்து ஆறு பேர் விறைத்துப்போய் வந்திருக்கிறார்கள். குடிலில் ஆறே படுக்கை. பிந்தி வந்தவருக்குத்தான் இடம், முன்னால் வந்து இளைப்பாறினவன் எழுந்து போக வேண்டும், அது உனக்கே தெரியும். அவன் இடம் கொடுத்துவிட்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தூலிபா குடிலுக்குக் கிளம்பியிருக்கிறான். ஐந்து மணிக்குக் காற்று திரும்பிப் பனிப்புயலாகிவிட்டது. மொட்டைமலை மேல் அடையாளக் கம்பங்களைத் தவறவிட்டிருக்கிறான். தூலிபாவில் அடுப்பு மூட்டின அடையாளமே இல்லை, சாம்பல்கூடப் பழசு. திங்கட்கிழமை தேடல்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

சறுக்குக்கட்டைகளைப் பனியில் குறுக்காக நட்டு வைத்திருந்தான், உதவி கேட்கும் முறைப்படி. முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தான். முகம் அமைதியாக இருந்தது அக்கா. சத்தியம்.

அவன் செய்தது சரியான காரியம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தைஸ்தோ

~

கோத்தன்பர்க்,
16 ஏப்ரல் 1987

தம்பி தைஸ்தோவுக்கு,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்கும் போகிறேன். தொழிற்சாலை கேன்டீனில் பட்டாணி சூப்பை ஊற்றும்போது எவனாவது "நன்றிம்மா" என்றால் கரண்டியை அவன் தலையில் போடலாம் போல வருகிறது. உன் முட்டி வீக்கம் குறைந்ததா?

சரியான காரியம் என்று எழுதியிருந்தாய். என் பிள்ளை செத்துப்போயிருக்கிறான், ஊர் அவனுக்கு மார்க் போடுகிறதா? போடட்டும்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். குடிலில் ஏடு இருக்குமே, வருகிறவர்கள் பெயரும் போகும் இடமும் எழுதும் ஏடு. அதில் ரௌனோ என்ன எழுதினான்? ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுது. இன்னொன்று, அவன் காலில் ஏதாவது புண் இருந்ததா? குதிகாலில்? இங்கே பெட்டியைத் திறக்க விடவில்லை, நான் பார்க்கவில்லை.

பதில் சீக்கிரம் போடு. தபால்காரன் வரும்வரை நான் ஜன்னலைவிட்டு நகர்வதில்லை.

அக்கா

~

கெலோயோகி,
11 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. பனி இளகும் நேரம், உள்ளே போக வழி இல்லை. பூங்காக் காவலர் ஏட்டை எடுத்து வந்தார், அவர் வீட்டில் வைத்துப் பார்த்தேன். இதுதான் எழுதியிருக்கிறான்:

"28.3. ரௌனோ, கோத்தன்பர்க். இரண்டு நாள் தங்கினோம். மைனஸ் பத்தொன்பது, வெயில். விறகு நிறைய, அடுப்புப் பக்கத்தில் சிராய் வைத்தாயிற்று, இந்தத் தடவை மறக்கவில்லை. ஆறு பேர் வந்திருக்கிறார்கள், நல்லவர்கள், பாடுகிறார்கள். தூலிபாவுக்குக் கிளம்புகிறேன்."

அவ்வளவுதான். காலில் புண் எதுவும் இல்லை.

ஏரியில் பனிக்கட்டி உடைகிறது. அன்னப்பறவைகள் வந்துவிட்டன. உன் இருமல் தேவலையா? தார் மிட்டாய் இங்கேயே கிடக்கிறது, தபாலில் போடுகிறேன்.

தைஸ்தோ

~

கோத்தன்பர்க்,
20 மே 1987

தைஸ்தோ,

மிட்டாய் வந்தது. இருமல் போய்விட்டது, அது போனதுகூடத் தெரியவில்லை.

உன் இரண்டு கடிதங்களையும் சமையல் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கேன்டீன்காரிதான், ஆனால் கணக்கில் நான் வகுப்பில் முதல் என்பது உனக்கே தெரியும். "இரண்டு நாள் தங்கினோம்" என்று எழுதியிருக்கிறான். யார் யார்? நீதான் பஸ் ஏறிவிட்டாயே. தூலிபாவில் சாம்பல் பழசு என்று நீ எப்படிச் சொன்னாய்? அடுப்புக்குள் கையை விட்டுப் பார்த்தது யார்? காணோம் என்று முதலில் சொன்னது யார்? அந்த ஆறு பேரா? அவர்கள் எந்த ஊர்? என் பிள்ளையைக் கடைசியாகப் பார்த்தவர்கள் அவர்கள், ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

காலில் புண் இல்லை என்று எப்படித் தெரியும்? பார்த்தாயா, அல்லது சும்மா எழுதினாயா?

நான் உன்னைத் திட்டவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. இரவில் அவனை அந்த மலைமேல் தினமும் ஒரு வழியில் நடத்திக்கொண்டு போகிறேன்.

அக்கா

~

தம்பெரே,
3 ஜூன் 1987

திரு. ரௌனோ அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை நினைவிருக்கிறதா? கர்ஹுலம்பி குடிலுக்குள் மூக்கில் பனிக்கட்டி தொங்க விழுந்தடித்து வந்த ஆறு பள்ளி ஆசிரியர்களில் குட்டையானவள் நான், கெர்த்து சல்மேலா. போட்டோ அனுப்புகிறேன் என்று உங்கள் முகவரியை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் ஏமாற்றிவிட்டேன். பரீட்சைத் தாள்கள்மேல் பழியைப் போடுகிறேன். நாங்கள் மறுநாள் கிழக்கே இறங்கி நேராக ஊர் திரும்பிவிட்டோம்.

உங்களுக்கு நாங்கள் எவ்வளவு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்! அன்று எங்களில் மூத்தவரான வெரா அம்மாவுக்குக் குளிரில் விரல் வெளுத்துப் போயிருந்தது. நீங்கள் எழுந்து படுக்கையைத் தட்டிப் போட்டுக் கொடுத்ததை இன்றும் ஆசிரியர் அறையில் பேசுகிறோம். நீங்கள் "தரையில படுத்துக்கறோமே மாமா" என்றதும், உங்கள் மாமா, "ஏன் மாப்ளே, டிராம்ல ஹீட்டரைப் போட்டு உக்காந்து உக்காந்து உடம்பு பன்னு மாதிரி ஆயிடுச்சா? ஒம்பது கிலோமீட்டருக்கு ஸ்வீடன்காரன் டாக்சி கேக்கறான்யா!" என்றாரே, சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாகிவிட்டது. நீங்களும் சிரித்தபடியே காலணியை மாட்டினீர்கள். தங்கமான பிள்ளை.

அவர்மேல் உங்களுக்குக் கோபம் இருந்திருக்கும். விறகு பிளந்துவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்றவரை, காற்றடிக்கிறது என்று நாங்கள்தான் பிடித்து உட்காரவைத்தோம். நாங்கள் ஊற்றிக் கொடுத்த கொன்யாக் பிராந்தியும் ஒரு காரணம். "பையன் இந்நேரம் தூலிபால கால் நீட்டிக் குறட்டை விட்டுட்டிருப்பான்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். காலையில் முதல் ஆளாக ஓடினார். அடுப்பை மூட்டி வைத்துக் காத்திருந்தீர்களா? நன்றாகத் திட்டினீர்களா?

இத்துடன் இரண்டு போட்டோ. அடுத்த வசந்தத்தில் எங்கேயாவது ஒரு குடிலில் சந்திப்போம். அப்போது படுக்கை உங்களுக்கு, தரை எங்களுக்கு.

அன்புடன்
கெர்த்து சல்மேலா

~

கோத்தன்பர்க்,
12 ஜூன் 1987

தைஸ்தோ,

இத்துடன் உள்ளது ரௌனோ பெயருக்கு வந்தது. படி.

போட்டோவில் விறகுக் குவியல் பக்கத்தில் கோடரியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்பது யார் என்று எழுது.

ஹில்க்கா

~

கெலோயோகி,
30 ஆகஸ்ட் 1987

அக்கா,

பதினொரு வாரம் ஆகிவிட்டது. ஒன்பது தடவை எழுதி அடுப்பில் போட்டேன். இதையும் போட்டுவிடுவேனோ என்று பயந்து, தபால்காரரை வாசலில் நிற்கவைத்து எழுதுகிறேன்.

நான்தான். நான் பஸ் ஏறவில்லை. கடைசிவரை கூடவே இருந்தேன்.

இரண்டு நாள் தங்கினது என் முட்டிக்காக. அவன்தான் சுடுதண்ணீர் வைத்து ஒத்தடம் கொடுத்தான். "மாமா, நீங்க ஓய்வு பெத்து டிராம் டிக்கெட் கிழிக்க வந்துடுங்க"ன்னு கிண்டல் வேறு. அந்தக் கிண்டலுக்குப் பதில் கொடுக்கத்தான் ஆறு பேர் முன்னால் நான் அப்படிப் பேசினேன். அவன் முகத்தில் ஒரு நொடி என்னவோ வந்து போனது. நான் பார்த்தேன். பார்த்தும் விட்டுவிட்டேன்.

அவன் கேட்டது நியாயம் அக்கா. பிந்தி வந்தவருக்குப் படுக்கை, அதுதான் வழக்கம். காற்றில் வெளியே போ என்று வழக்கம் சொல்லவில்லை. தரையில் இரண்டு பேர் படுக்க இடம் இருந்தது. அந்த இடத்தில்தான் அன்று இரவு நான் படுத்தேன்.

இரண்டு நாள் எரித்த விறகைப் பிளந்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் நின்றேன். "நீ முன்னால போ, கண்ணைக் கட்டிவிட்டாக்கூடப் போற வழிதானே" என்றேன். பிளந்து முடித்தபோது காற்று திரும்பிவிட்டது. ஒரு கப் காபி என்றார்கள், உட்கார்ந்தேன். அப்புறம் இன்னொன்று. அவன் போய்ச் சேர்ந்திருப்பான் என்று ஆறு பேரிடமும் மாற்றி மாற்றிச் சொன்னேன். என்னிடமே சொல்லிக்கொண்டேன் போலிருக்கிறது. காலையில் தூலிபா கதவைத் திறந்தபோது உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். அடுப்புக்குள் கையை விட்டது நான்தான்.

ஏட்டிலிருந்து உனக்கு எழுதினதில் ஒரு வரியை விட்டுவிட்டேன். கடைசி வரி. "மாமா விறகு பிளந்துவிட்டு வருகிறார், அவர் வருவதற்குள் அடுப்பை மூட்டி வைத்திருப்பேன்" என்று எழுதியிருந்தான்.

போலீசிடம் எல்லாம் சொன்னேன். ஊருக்கும் தெரியும். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, கடைக்குப் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள், அவ்வளவுதான். உன்னிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. அடக்கத்துக்கு வராததும் முட்டியால் இல்லை.

காலில் புண் இருந்ததா என்று இரண்டு கடிதத்தில் கேட்டாய். இல்லை என்று சும்மாதான் எழுதினேன். அந்த இரண்டு நாளும் அவன் காலுறையைக் கழற்றவே இல்லை, தூங்கும்போதுகூட. ஒரு தடவைகூட முனகினதில்லை. கண்டுபிடித்தபோது இடது காலணியின் கயிறு மட்டும் அவிழ்த்துவிட்டிருந்தது. ஏன் என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நீ என்ன எழுதினாலும் சரி, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி
தைஸ்தோ

~

கோத்தன்பர்க்,
8 நவம்பர் 1987

தம்பி தைஸ்தோவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே நீ என் கையில் கிடைத்திருந்தால் கொன்றிருப்பேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். செப்டம்பர் முழுக்க, பாத்திரம் கழுவும்போதெல்லாம் உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். குடிகாரப் பயலே, பெருமை பிடித்தவனே, என் பிள்ளையைப் பனியில் அனுப்பிவிட்டுக் காபி குடித்தாயே என்று. பக்கத்தில் வேலை செய்கிற துருக்கிக்காரப் பெண் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அக்டோபரில் திட்டத் திட்ட வார்த்தை வரவில்லை. அந்த இடது காலணிதான் குறுக்கே வந்து நின்றது.

உங்களுக்கு விளங்காதது எனக்கு விளங்கும். கேள்.

மார்ச் 25, புதன்கிழமை, சாலை குறுக்கிடும் இடத்துக் காபிக்கடையிலிருந்து அவன் எனக்குப் போன் செய்தான். நீ உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்றான். "அம்மா, இடது குதிகால்ல தோல் உரிஞ்சு போச்சு. காலுறை ஒட்டிக்கிச்சு, கழட்ட பயமா இருக்கு. மாமாகிட்ட சொல்லல. இங்கேயிருந்து பஸ் இருக்கு. நான் வந்துடட்டுமாம்மா?" என்று கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வந்துட்டா உன் மாமன் ஆயுசுக்கும் எனக்குச் சொல்லிக் காட்டுவான். கொப்புளத்துக்கெல்லாம் அழறியாடா? வாயை மூடிட்டு அவன் பின்னாடி போ, ரெண்டு நாள்ல தானா ஆறிடும். முக்கியமா, அவன்கிட்ட மூச்சு விடாதே" என்றேன். அப்புறம் சிரித்தான். "சரிம்மா, விடல" என்றான். அவ்வளவுதான் அவன் என்னோடு கடைசியாகப் பேசினது.

அதனால்தான் அவன் உன்னிடம் முனகவில்லை. நான் முனகாதே என்றேன், அவன் முனகவில்லை. உனக்குத் தெரிந்திருந்தால் நீ அவனைத் தரையில் படுக்க விட்டிருப்பாய். உன் வாய்தான் நீளம், உனக்கு அவன்மேல் உயிர் என்று எனக்குத் தெரியும். அந்தப் புண்ணை நீ பார்த்தாயா பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேனே, நீ இல்லை என்று சொல்லிவிட மாட்டாயா என்றுதான் கேட்டேன். சொன்னாய். அப்போதும் தூக்கம் வரவில்லை.

டீச்சருக்கு நான் எழுதிவிட்டேன். ரௌனோ வேறு ஊருக்குப் போய்விட்டான், போட்டோ அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று எழுதினேன். அந்த அம்மாள் பாடிக்கொண்டே இருக்கட்டும்.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். தருகிறேனா இல்லையா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை, ஒரு நாள் தருகிறேன் போலிருக்கிறது, மறுநாள் இல்லை போலிருக்கிறது. ஆனாலும் கேட்பதற்கு உனக்கு நான் ஒருத்தி இருக்கிறேன். கடிதம் போட்டால் வந்து சேர ஒரு முகவரி இருக்கிறது.

நான் யாரிடம் போய்க் கேட்பேன், சொல்.

அக்கா
ஹில்க்கா